நவரட்ணம் மாஸ்டரின் கி.மு. 146

கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். சிறிய இருமல் ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அழுக்குத் துணிப்பையோடு நடைவழியில் போய்க்கொண்டிருந்த நிலாணி அப்படியே நின்றாள். முதுகு தானாக நிமிர்ந்தது. வகுப்புக்குள் நுழையுமுன் வாசலில் நின்று இப்படி இருமுகிற ஒரு மனிதரை அவளுக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்கு ஒரு வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்து நிற்கும்.

கதவில் புதிதாக ஒட்டியிருந்த பெயரை வாசித்தாள். நவரட்ணம்.

ரொறன்ரோவில் மோர்னிங்சைட்டில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில் அவள் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து கனகாலம். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, ஊட்டுவது, துடைப்பது. காலையில் பொறுப்புத் தாதி சொன்னது இப்போதுதான் மனதில் ஏறியது. புதிதாக ஒரு தமிழ்க் கிழவர் வந்திருக்கிறார், மறதி நோய், இங்கிலிஷ் எல்லாம் போய்விட்டது, இனி அவர் உன் பொறுப்பு.

உள்ளே போனாள். யன்னலோரக் கதிரையில் அவர் வற்றிப்போய் இருந்தார். ஒரு காலத்தில் மேசைக்கு மேலால் குனிந்தால் வெளிச்சம் மறையும். இப்போது கம்பளிச் சட்டையின் கழுத்துக்குள் தலை மட்டும் தனியாக ஆடியது.

“ஆர் பிள்ளை?”

“நிலாணி.”

“ஆற்ற மகள்?”

தகப்பனின் பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொல்லிவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். ஒன்றும் எட்டவில்லை.

“நல்லது. தேத்தண்ணி கிடைக்குமோ?”

கொண்டுவந்து கொடுத்தாள்.

ஊரில், தென்மராட்சியில், அந்தப் பள்ளிக்கூடத்தில் நவரட்ணம் மாஸ்டர் வரலாறு படிப்பித்தார். பாடப்புத்தகத்தை அவர் மதிப்பதில்லை. ஒரு நாட்டை எடுத்து ஆயிரம் வருடம் இழுத்துக்கொண்டு போனால் பிள்ளைகள் நித்திரையாகிவிடும், ஒரு வருடத்தை எடுத்து உலகம் முழுக்கச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. அவர் எடுத்துக்கொண்ட வருடம் கி.மு. 146. கிட்டத்தட்டச் சூரியன் போகிற வழியில், கிழக்கிலிருந்து மேற்காக, ஒவ்வொரு நாடாகச் சொல்லிக்கொண்டு போவார்.

சீனாவில் ஜிங் சக்கரவர்த்தி, சொந்தக்காரரின் கலகத்தை நசுக்கிவிட்டு அமைதியாக ஆள்கிறார். பஞ்சாபில் மினாந்தர் என்ற கிரேக்கன் அரசனாக இருந்துகொண்டு பிக்குகளோடு வாதாடுகிறான். அநுராதபுரத்தில், தான் கொன்ற எல்லாளனுக்குத் தானே சமாதி கட்டி எல்லாரையும் வணங்கச் சொன்ன துட்டகைமுனு. சிரியாவில், அரச இரத்தம் என்று பொய் சொல்லி முடி சூடிய பாலாஸ். “எகிப்தில ரெண்டு தொலமி, ஒரு சிம்மாசனம், நடுவில ஒரு சகோதரி,” என்று அந்த அண்ணன் தம்பி அரசர்களைச் சொல்லுவார். அந்த இடத்தில் மட்டும் வகுப்பு சிரிக்கலாம். பிறகு கொரிந்து. உரோமத் தளபதி மும்மியஸ் ஆண்களை வெட்டி, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்று, நகரத்தைக் கொளுத்தினான். கடைசியில் கார்த்தேஜ். எதிரியின் காலில் போய் விழுந்த புருசனை, எரிகிற கோயிலின் மேலே நின்று திட்டிவிட்டு, பிள்ளைகளோடு நெருப்புக்குள் குதித்த ஒரு பெண். எல்லாம் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்று அழுத, வென்ற உரோமத் தளபதி ஸ்கிப்பியோ.

“வெண்டவன் அழுதான்,” என்று மாஸ்டர் முடிப்பார். “ஏன் அழுதவன்?” அதற்கு ஒருவரும் பதில் சொல்லக்கூடாது. அந்தக் கேள்வி அவருக்குச் சொந்தம்.

பிள்ளைகள் எழுந்து நின்று இதை ஒரே ஓட்டமாக ஒப்புவிக்க வேண்டும். தடங்கினால், “பிழை. முதல்லயிருந்து.” மறுபடியும் தடங்கினால் கையை மேசையில் கவிழ்த்து வைக்க வேண்டும். கோடு போடுகிற மர அடிமட்டத்தின் ஓரம் விரல் மொழியில், கணு எலும்பில், இறங்கும்.

நிலாணிக்குத் திக்குவாய். ககரத்தில்தான் மோசம். சீனாவிலிருந்து எகிப்துவரை எப்படியோ வந்து சேருவாள். கொரிந்தில் நின்றுவிடுவாள். கொ, கொ, கொ. அந்த வகுப்பில் அவளைப்போல அந்த வருடத்தை அறிந்த பிள்ளை வேறு இல்லை. மும்மியஸ் கொள்ளையடித்த சிலைகளைக் கப்பலில் ஏற்றும்போது, உடைத்தால் இதேபோலப் புதிது செய்து தரவேண்டும் என்று மாலுமிகளை மிரட்டினான் என்பதுகூட அவளுக்குத் தெரியும். வாய் திறந்தால் வராது.

“என்ன, முட்டை போடப்போறியோ?” என்று மாஸ்டர் கேட்டார்.

அன்றிலிருந்து அவள் கோழி. ஒழுங்கையில் சைக்கிளில் போகிற பொடியன்களும் கொக்கரித்துவிட்டுப் போனார்கள். மாஸ்டருக்கு அது பிடித்துவிட்டது. வேறு பாடம் நடக்கிற நாளிலும் இடையில் நிறுத்தி, “எங்க, எங்கட கோழி எழும்பட்டும்,” என்பார். ஒருநாள் வலது கையின் மோதிரவிரல் மொழி உடைந்தது. ஊர் வைத்தியரான பரியாரி போட்ட கட்டோடு அது கோணலாகவே பொருந்தியது. தாய் பள்ளிக்கூடத்துக்குப் போய் அழுதாள்.

“உவளுக்கு மூளை இல்லையம்மா. ஆட்டுக்குக் குழை ஒடிக்க விடுங்கோ,” என்றார் மாஸ்டர்.

அத்தோடு அவளுடைய படிப்பு நின்றது, சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை. பிறகு நடந்தவை எல்லாருக்கும் நடந்தவைதான். இடப்பெயர்வு, கலியாணம், ரொறன்ரோ, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறை, தொழிற்சாலை, பின்னேர வகுப்பு, இந்த வேலை. இங்கிலிஷில் அவளுக்குத் திக்கவில்லை. தமிழில் மட்டும், கோபம் வந்தால், நாக்கு போய்ப் பழைய இடத்தில் நிற்கும்.

மாஸ்டரைக் கண்ட அன்று, வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். ராகுலன் பக்கத்து ஊர்க்காரன், பாரவண்டி ஓட்டுபவன். காலை நீட்டிக்கொண்டு சிரித்தான்.

“அந்தாளோ! இன்னும் உயிரோடயோ? எங்கட காலத்தில ஆர் அடி வாங்கேல்லை, சொல்லு பாப்பம்.”

அவள் எழும்பிப் போய்ச் சோற்றுப் பானையை அடுப்பில் வைத்தாள்.

முதலில் சில கிழமைகள் ஒழுங்காகத்தான் பார்த்தாள். அவருடைய உடம்பைக் கழுவினாள், நகம் வெட்டினாள். மாஸ்டருக்குத் தன் மனைவி செத்தது தெரியாது. ரொறன்ரோ என்பது தெரியாது. மகள் சாம்பவி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தால் சிலசமயம் கமலாம்பிகை என்று மனைவியின் பெயரால் கூப்பிடுவார், சிலசமயம் யாரோ பிள்ளை என்று கும்பிடுவார்.

ஒரு பின்னேரம் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன நினைத்தாளோ, நிலாணி கேட்டாள்.

“மாஸ்டர், கி.மு. நூற்று நாப்பத்தாறு.”

கிழவர் நிமிர்ந்தார். தலையாட்டம் நின்றது. இருமினார், கொஞ்சம் பொறுத்து மறுபடியும் இருமினார். பிறகு தொடங்கினார். சீனா, பஞ்சாப், அநுராதபுரம். ஒரு சொல் பிசகவில்லை. எகிப்து வந்ததும் சிரிப்பதற்காக நிறுத்தினார். கார்த்தேஜில் குரல் தழைந்தது. “வெண்டவன் அழுதான். ஏன் அழுதவன்?” என்று கேட்டுவிட்டு அவளைப் பார்த்தார். கண்ணில் அப்படி ஒரு சந்தோசம். பெண்டாட்டியும் பிள்ளையும் ஊரும் போய், இந்த ஒரு வருடம் மட்டும் அந்தத் தலைக்குள் விளக்கெரிய இருந்தது.

அவள் கோப்பையைக் கொடுத்தாள். வீடு போகும்வரை பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளும் கேட்டாள். அவர் தொடங்கினார்.

“சீனாவில ஜிங் சக்கரவர்த்தி...”

“பிழை,” என்றாள் நிலாணி.

அவர் திகைத்தார். “இல்லைப் பிள்ளை. ஜிங் தான்.”

“பிழை. முதல்லயிருந்து.”

மறுபடியும் தொடங்கினார். ஜிங் என்று வந்ததும் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் கோப்பையை எட்டாத தூரத்துக்கு நகர்த்தினாள். தேநீரில் ஆடை படர்ந்தது. நேரம் முடிந்ததும் அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். குரலை உயர்த்தவில்லை. அவரைத் தொடவும் இல்லை.

இப்படியே நடந்தது. பக்கத்து அறைக்காரர்களுக்கு அது ஒரு பராமரிப்புப் பெண் கிழவரோடு கதைத்துக்கொண்டிருக்கிற சத்தம். தாதி ஒருத்தி வாசலில் நின்று பார்த்து, நோயாளியின் ஞாபகத்துக்கு இது நல்லது என்று பாராட்டிவிட்டும் போனாள்.

சீனா முதலில் போனது. சக்கரவர்த்தியின் பெயரை அவர் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். அவள் ஒவ்வொன்றையும் பிழை என்றாள். பிறகு அவர் பஞ்சாபிலிருந்து தொடங்கினார். அதுவும் பிழை. மினாந்தர் சிரியாவுக்குப் போனான், பாலாஸ் அநுராதபுரத்தில் முடி சூடினான். “எல்லாளன் துட்டகைமுனுவைக் கொன்றவன்,” என்று ஒருநாள் சொன்னார்.

“சரி,” என்றாள் நிலாணி. தேநீரை அன்று மட்டும் சூட்டோடு கொடுத்தாள்.

அவர் அழுதுகொண்டே குடித்தார். பிழையான பதிலுக்குக் கிடைத்த தேநீர் என்று அந்தத் தலைக்குள் ஏதோ ஒரு மூலைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.  அவள் வீடு போகிற பஸ்ஸில் யன்னலில் தன் முகத்தைப் பார்த்தபோது அது சிரித்துக்கொண்டிருந்தது. கேள்வி கேட்கும்போது ககரம் தடங்குவதில்லை என்பதையும் கவனித்தாள்.

பனிக்காலம் தொடங்கிய சமயம் ஒருநாள், அவள் கோப்பையோடு வந்து உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவே இல்லை. மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு வலது கையை எடுத்து, கதிரையோடு பொருத்தியிருந்த சாப்பாட்டுத் தட்டின் மேல் கவிழ்த்து வைத்தார். விரல்களைச் சேர்த்து, மொழி மேலே தெரிய வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

தன் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் அப்படிக் கை வைத்ததைப் பார்த்தவர் அவர். எப்படி வைக்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முதுமையில் தடித்த மொழிகள். தோல் காகிதம்போல.

நிலாணி எழும்பிப் போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். திரும்பி வந்தபோதும் கை அங்கேயே இருந்தது.

“கையை எடுங்கோ மாஸ்டர்.”

எடுக்கவில்லை. அவள் கோப்பையை வாயருகே பிடித்தாள். அவர் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டு, கையை எடுக்காமலே குடித்தார்.

அன்றிலிருந்து அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். சீனாவைத் தானே சொல்லிக் கொடுத்தாள். பஞ்சாபைச் சொல்லிக் கொடுத்தாள். அவர் திருப்பிச் சொல்லவில்லை. அவள் காலடி கேட்டாலே கை போய்த் தட்டில் கவிழ்ந்துவிடும். சாப்பாடும் குறைந்தது. வைத்தியர் வந்து பார்த்து, நோய் முற்றுகிறது என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பவி நடைவழியில் நிலாணியைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வயதுப் பெண், வங்கியில் வேலை. கையில் பால்ரொட்டிப் பலகாரப் பெட்டி.

“அக்கா, இது உங்களுக்கு. நீங்கள் இல்லாட்டி அப்பாவை ஆர் இப்பிடிப் பாப்பினம்?”

நிலாணி வாங்காமல் நின்றாள்.

“அக்கா, ஒண்டு கேக்கட்டோ? அப்பாக்கு ஒரு கதை இருக்கு. ஒரு வருசத்தில உலகம் முழுக்க என்ன நடந்ததெண்டு. சின்னனில என்னை மடியில வைச்சுச் சொல்லுவார், நான் எகிப்தில சிரிச்சுச் சிரிச்சு நித்திரையாப் போயிடுவன். இஞ்ச வந்தும், என்ர பேரை மறந்த பிறகும், அந்தக் கதையை நான் தொடக்கிவிட்டா முடிப்பார். அதுதான் எனக்கு மிஞ்சின அப்பா. இப்ப கேட்டா கையை நீட்டிக்கொண்டு நடுங்கிறார். ஏனக்கா?”

நிலாணி பேசாமல் இருந்திருக்கலாம். வைத்தியர் சொன்ன பதில் கைவசம் இருந்தது. சாம்பவி விடாமல் சொல்லிக்கொண்டு போனாள்.

“ஆரோ அடிக்கிறமாதிரிப் பயப்பிடுறார். அப்பா தன்ர சீவியத்தில ஒரு பிள்ளைக்கும் கை ஓங்கினதில்லை.”

“ஓங்கினவர்,” என்றாள் நிலாணி. கோணல் விரலை நீட்டினாள். “நான் அவரிட்டப் படிச்சனான். இது அவர் அடிச்சு முறிஞ்சது. வகுப்பில எனக்குக் கோழியெண்டு பேர் வைச்சதும் அவர்தான்.”

சாம்பவி விரலைப் பார்த்தாள். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தாள்.

“நீங்கள் வேற ஆரையோ நினைக்கிறியள் அக்கா. அப்பா அப்பிடிப்பட்ட ஆள் இல்லை.”

“அவர்தான்.”

“விரல் எத்தினை விதமா முறியும். பாவம், அப்ப நீங்கள் சின்னப் பிள்ளை, மாறி நினைவு வைச்சிருக்கிறியள்.”

அவள் அதைக் கனிவாகச் சொன்னாள். அந்தக் கனிவுதான் நிலாணியைப் பிடித்துத் தள்ளியது. திக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்து எடுத்துச் சொன்னாள்.

“உங்கட அப்பா அந்தக் க... கதையை மறக்கேல்லைத் தங்கச்சி. நான் மறக்கப் பண்ணினனான். சரியாச் சொல்லச் சொல்லப் பிழையெண்டனான். தேத்தண்ணி குடுக்காமல் வைச்சிருந்தனான்.”

சாம்பவியின் கையிலிருந்த பெட்டி சரிந்தது. பால்ரொட்டிகள் நடைவழியில் உருண்டன. இதை மட்டும் அவள் உடனே நம்பினாள்.

விசாரணைக்கு நிலாணியைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இல்லத்தின் மேலாளரும் இன்னொருவரும் இருந்தார்கள். என்ன செய்தாய் என்று கேட்டார்கள். சரியான பதில்களைப் பிழை என்று சொன்னேன் என்று இங்கிலிஷில் தடங்காமல் சொன்னாள். எதற்குப் பதில்கள்? வரலாற்றுக்கு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடித்தாயா? இல்லை. தள்ளினாயா? இல்லை. தேநீரைக் கொடுக்காமல் வைத்திருந்தாயா? ஓம். அது அவர்களுக்கு விளங்கியது. அதற்காக அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஒரு வருடத்தை அழித்ததைப் பற்றி ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ராகுலன் முதன்முறையாக அவளைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். “கிழவனோட போய்க் கோவம் தீர்த்தனியோ? வெளியில தலை காட்ட ஏலாது.” கதை அவர்கள் இருக்கும் ஸ்காபரோப் பகுதி முழுக்கப் பரவியிருந்தது. தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்றால் ஆட்கள் விலகி நின்றார்கள். ஒரு மனுசி தன் தாயின் பெயரைச் சொல்லி, “எங்கட அம்மாவையும் நீதானே பார்த்தனி?” என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள். அந்தத் தாயை நிலாணி இரண்டு வருடம் மகளைப்போலப் பார்த்தவள். பதில் சொல்ல வாய் எடுத்தாள். வரவில்லை. வெண்டிக்காயை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

இப்போது அவளுக்கு மரக்கறி பொதி செய்கிற குளிர்க்கூடத்தில் வேலை. கையுறைக்குள் கோணல் விரல் எந்நேரமும் நோகும்.

இளவேனில் வருமுன் மாஸ்டர் செத்தார். வானொலியில் மரண அறிவித்தல் போனது. மாணவர்களின் நெஞ்சில் நீங்காத ஆசான் என்றார்கள். உடல் பார்வைக்கு வைத்திருந்த இடத்துக்குப் போன பழைய மாணவர்கள் பெட்டியைச் சுற்றி நின்று, மாஸ்டரின் அடிதான் எங்களை ஆளாக்கியது என்று சிரித்து அழுததாக ராகுலன் வந்து சொன்னான். சாம்பவி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாளாம்.

அதற்குச் சில கிழமைகளுக்குப் பிறகு, சாப்பாட்டு இடைவேளையில் நிலாணியின் கைத்தொலைபேசி அடித்தது.

“சாம்பவி கதைக்கிறன்.”

நிலாணி மற்றவர்களை விட்டுச் சுவரோரம் போய் நின்றாள்.

“உங்களோட கதைக்க எனக்கு விருப்பமில்லை. உங்களை நான் மன்னிக்கவும் இல்லை. முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம். அப்பா சொல்லுறமாதிரியே அந்த வருசத்தை ஒரு பக்கத்தில போடப்போறன். எல்லாரிட்டயும் கேட்டுக் கேட்டுச் சேர்த்திட்டன். ஒரு இடம்தான் இல்லை.” குரல் உடைந்தது, உடனே இறுகியது. “எகிப்து. நான் சிரிக்கிற இடம். என்ன நடந்ததெண்டு புத்தகத்தில இருக்கு. அப்பா அதை எப்பிடிச் சொன்னவர் எண்டு ஒருத்தருக்கும் நினைவில்லை, எனக்கும் சிரிச்சது மட்டும்தான் நினைவு. உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் உங்களுக்குத் தெரியுமெண்டு.”

எகிப்தில ரெண்டு தொலமி, ஒரு சிம்மாசனம், நடுவில ஒரு சகோதரி. அவருடைய குரலிலேயே அது நிலாணியின் வாய் வரைக்கும் வந்தது. எகரத்தில் அவளுக்கு ஒருநாளும் திக்கியதில்லை. சொல்லியிருந்தால் நீரோட்டமாக வந்திருக்கும்.

“எனக்கு மூளை இல்லைத் தங்கச்சி,” என்றாள். “உங்கட அப்பா சொன்னவர்.”

சாம்பவி தொலைபேசியை வைத்துவிட்டாள்.

நினைவு மலரை ராகுலன் ஒரு சிநேகிதன் வீட்டிலிருந்து கொண்டுவந்தான். வழுவழுப்பான தாள். மாஸ்டரின் இளவயதுப் படம். நிலாணி சமையலறை மேசையில் வைத்து நடுப்பக்கத்தைத் திறந்தாள். சீனா, பஞ்சாப், அநுராதபுரம், சிரியா. அதற்கடுத்து இரண்டு வரி வெறுமையாக விட்டு, கொரிந்து. கடைசிவரைக்கும் வாசித்தாள். வெண்டவன் அழுதான் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

மலரைப் பழைய விளம்பரத் தாள்களோடு சேர்த்து, மீள்சுழற்சிக் குப்பைக்கான நீலப் பெட்டியில் போட்டாள். செவ்வாய்க்கிழமை நகரசபை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது.